கால்விரலைப் பாருங்கள்

அன்புள்ள ஜட்ஜம்மாவின் அம்மாவுக்கு,

காப்பகத்திலிருந்து தொட்டில் அறை அக்கா எழுதிக்கொள்வது. நான் சுகம். நீங்கள் சுகமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன், அதனால் சம்பிரதாயத்துக்கு நலம் விசாரிக்கவில்லை. என்னை உங்களுக்கு நினைவிருக்கும். குழந்தையை வாங்கிப்போக வந்த அன்று நீங்கள் பதற்றத்தில் அவளுக்கு ஸ்வெட்டரை முன்பின்னாக மாட்டிவிட்டீர்கள். கழற்றி மாட்டிக் கொடுத்தவள் நான்தான்.

ஜட்ஜம்மா யார் என்று குழம்ப வேண்டாம். உங்களிடம் இருக்கிறவள்தான். வருகிறவர் போகிறவர் எல்லாரையும், தீர்ப்பை முன்னாலேயே எழுதி வைத்துவிட்ட மாதிரி, சிரிக்காமல் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். அதனால் எங்களுக்கு அவள் ஜட்ஜம்மா. நீங்கள் என்ன பெயர் வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ‘குழந்தை’ என்றுதான் இருந்தது.

ஆமாம், அந்தக் கடிதத்தை நானும் படித்தேன். நீங்கள் எங்கள் பொறுப்பாளர் அம்மாவுக்குத்தான் எழுதியிருந்தீர்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, இங்கே இருந்தபோது அவளுக்கு இப்படிப் புண் வந்ததுண்டா என்று கேட்டார். ஒரு சிவப்புகூட வந்ததில்லை என்றேன். நீயே படி என்று கையில் கொடுத்துவிட்டார். வேலைக்காரர்கள் குழந்தை போன வீட்டுக்குக் கடிதம் எழுதக்கூடாது என்பது இங்கே சட்டம். ஆகையால் இது அவருக்குத் தெரியாது. உறையின் பின்பக்கம் இருந்த முகவரியைப் பார்த்து வைத்துக்கொண்டேன். காட்டிக்கொடுத்தால் கொடுங்கள், அதற்காக உங்கள் மேல் வருத்தப்பட மாட்டேன்.

நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உங்கள் வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அவளுக்கு டயப்பர் கட்டுகிற இடம் சிவந்து, பிறகு தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. பவுடர் போட்டீர்கள், கடையில் கொடுத்த களிம்பைப் போட்டீர்கள், டயப்பர் கம்பெனியை மாற்றினீர்கள். எதுவும் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய பயம், அவ்வளவு புண்ணிலும் அவள் அழவில்லை என்பது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் உங்கள் நாத்தனார் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாராம். அப்போதும் ஒரு முனகல்தானாம். இந்தப் பிள்ளைக்கு நரம்பில் ஏதோ கோளாறு, வலியே தெரியவில்லை, மறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். கோர்ட்டில் தத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

கேட்டது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பொறுப்பாளர் அம்மாவும் சொல்லவில்லை. யாரையும் கட்டாயப்படுத்திப் பிள்ளை வளர்க்கச் சொல்ல முடியாது, கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். ஜன்னல் ஓரத்துத் தொட்டிலைத் துடைத்து, விரிப்பு மாற்றி வைக்கச் சொன்னார். துடைத்து வைத்துவிட்டேன்.

முதலில் புண்ணைப் பார்ப்போம். மற்றதைப் பிறகு பேசலாம்.

பவுடரை நிறுத்துங்கள். அது ஈரத்தில் ஊறி மாவாகத் திரண்டு, தொடை இடுக்கில் உட்கார்ந்து உரசும். மூச்சில் போனாலும் கெடுதல். வாசனை போட்ட ஈரத்தாள்களையும் புண் ஆறும்வரை ஒதுக்கி வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், பழைய மெல்லிய பருத்தித் துணி, அது போதும். சோப்பு தினமும் வேண்டாம். துடைக்கும்போது தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். நீங்கள் சுத்தக்காரி என்று உங்களைப் பார்த்த அன்றே தெரிந்தது, தொட்டிலின் கம்பியைக்கூடக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் பிடித்தீர்கள். அந்தச் சுத்தத்தை அவள் தோலில் காட்ட வேண்டாம்.

ஒற்றி எடுத்ததும் உடனே கட்டிவிடாதீர்கள். கீழே ஒரு துண்டை விரித்து, ஒன்றும் போடாமல் சும்மா கிடக்க விடுங்கள். பாயை நனைப்பாள், நனைக்கட்டும். காய்ந்த பிறகு ஜிங்க் கலந்த வெள்ளைக் களிம்பைக் கெட்டியாகப் பூசுங்கள். ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதில் கஞ்சத்தனம் பார்க்காதவர் தடவுகிற மாதிரி. அடுத்த தடவை மாற்றும்போது பழைய களிம்பு முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு மேலேயே பூசலாம். டயப்பரை இடுப்பில் விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். கடைக்காரர் கொடுத்த பெயர் தெரியாத களிம்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சிலதில் பெரியவர்களுக்கான மருந்து கலந்திருக்கும், பச்சைத் தோல் தாங்காது.

இப்படிச் செய்து இரண்டு மூன்று நாளில் தணியாவிட்டால் குழந்தை டாக்டரிடம் போங்கள். மடிப்புக்குள் ரத்தச் சிவப்பாக இருந்து, ஓரத்தில் புள்ளி புள்ளியாகப் பரவினால் அது பூஞ்சை, அதற்கு வேறு மருந்து. கொப்புளம், சீழ், காய்ச்சல் என்று ஏதாவது இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இதெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் காகிதத்தை எடுத்தேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி. ‘அழுதால் உடனே மாற்றத் தயாராகத்தான் பக்கத்திலேயே இருக்கிறேன், ஆனால் அவள் அழுவதே இல்லை, பல நேரம் தொட்டுப் பார்த்தால் ஊறிப்போய்க் கிடக்கிறது’ என்று எழுதியிருந்தீர்கள். இதைப் படித்தபோது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாத்தனாரின் பரிசோதனை எதுவும் தேவையில்லை.

இங்கே நாங்கள் அழுகைக்கு மாற்றுவதில்லை. மணிக்கு மாற்றுவோம். தொட்டில்கள் ஒரே வரிசையில் இருக்கும். மணி அடித்ததும் வாசல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஒன்றை மாற்றிவிட்டு அடுத்தது, அடுத்தது என்று ஜன்னல் வரை வருவோம். ஈரமோ இல்லையோ, தூங்குகிறதோ விழித்திருக்கிறதோ, மாற்றிவிடுவோம். அதனால் எந்தப் பிள்ளைக்கும் புண் வராது. பார்வையிட வருகிறவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். நடுவில் ஒன்று அழுதால் போய்த் தூக்க ஆள் கிடையாது. தூக்கினால் மற்றதெல்லாம் சேர்ந்து ஆரம்பிக்கும். யாரும் அடிப்பதில்லை, திட்டுவதில்லை. போவதில்லை, அவ்வளவுதான்.

வந்த புதிதில் எல்லாம் அழும். பிறகு குறையும். பிறகு நின்றுவிடும். ஜட்ஜம்மா பிறந்து சில நாளிலேயே வந்தவள், சீக்கிரமே நிறுத்திவிட்டாள். நீங்கள் அன்றைக்கு என்னிடம் கேட்டீர்கள், “அக்கா, இவ அழவே மாட்டாளா?” என்று. தங்கமான பிள்ளை, தொல்லையே கிடையாது என்றேன். இங்கே அதுதான் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கிற பெரிய நற்சான்றிதழ். நீங்களும் சந்தோஷப்பட்டீர்கள்.

இப்போது நீங்கள் அழுகைக்காகக் காத்திருக்கிறீர்கள். அவள் மணிக்காகக் காத்திருக்கிறாள். நடுவில் கிடந்து தோல் வேகிறது. உங்கள் மேலும் குற்றமில்லை, அவள் நரம்பின் மேலும் குற்றமில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டது. எழுந்து போய் ஒரு சுற்று முடித்துவிட்டு வந்து தொடர்கிறேன். துணி மடிக்கிற மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பக்கத்தில் துவைத்த துணி மலையாகக் கிடக்கிறது, யாராவது எட்டிப் பார்த்தால் கடிதத்தின் மேல் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். போன வாரம் ஒரு பையன் வந்திருக்கிறான். நல்ல தொண்டை, மைக் செட் என்று பெயர் வைத்திருக்கிறோம். இப்போதுதான் மாற்றினேன், அதற்குள் நனைத்துவிட்டு அழுகிறான். அடுத்த மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

வலி தெரியவில்லை என்பதைப் பற்றிச் சொல்கிறேன். அவளுக்கு வலி தெரியும். நீங்கள் முகத்தைப் பார்க்கிறீர்கள், அங்கே ஒன்றும் கிடைக்காது. கால்விரலைப் பாருங்கள். இடது காலை. வலித்தால் கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். தடுப்பூசி போட்ட அன்று மேலே சுற்றுகிற மின்விசிறியை முறைத்துக்கொண்டே படுத்திருந்தாள், நர்ஸ்கூட அசந்துபோனார். நான் காலைப் பார்த்தேன். விரல் வெளுக்கிற அளவுக்கு இறுக்கியிருந்தாள். கையால் மெல்லப் பிரித்துவிட்டேன், என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு நான் அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஈரமாகிவிட்டது என்றாலும் அப்படித்தான். காய்ந்ததும் விரல்கள் தானாகப் பிரியும்.

புண்ணைத் தண்ணீரால் ஒற்றும்போது ஒருமுறை பாருங்கள். உங்கள் நாத்தனாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். நரம்பு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாலும் காட்டுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரிடமும் காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது நான் அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். ஆனால் நரம்பு டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பெரியவளாக இருப்பதில் அந்த ஒரு வசதி உண்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே கண்டுபிடித்து என்னைத் தப்பாக நினைக்கக்கூடாது. நீங்கள் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தால் எனக்குச் சந்தோஷம்தான். தொட்டிலைத் துடைக்கச் சொன்னபோது ஒன்றுக்கு இரண்டு முறை துடைத்தேன். அவள் ஜன்னல் ஓரத்தில் மறுபடி வந்து படுப்பாள், மணிக்கு மணி நான் மாற்றுவேன், ஒரு வாரத்தில் புண் ஆறிவிடும். தோல் பூப்போல ஆகிவிடும். அவள் அழவே மாட்டாள். அந்த ஆசையில்தான் உங்கள் கடிதம் வந்து பல நாள் பேனாவை எடுக்காமல் இருந்தேன்.

மைக் செட் அடங்கிவிட்டான். நான் எழுந்து போகவில்லை. இன்னும் நனைந்துதான் இருக்கிறான், சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். இப்படித்தான் நடக்கும், வேறு ஒன்றும் இல்லை.

ஆகவே தங்கச்சி, அப்படிக் கூப்பிடலாம் என்று நினைக்கிறேன், நீங்கள் செய்ய வேண்டியது இது. கொஞ்ச நாளைக்கு அவள் அழுகையை எதிர்பார்க்காதீர்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களாகவே போய்த் தொட்டுப் பாருங்கள். மலம் போனால் உடனே. உங்கள் வீட்டுக்காரர் கடிகாரம் பழுதுபார்க்கிறவர், வீட்டில் மணி காட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்களை மாதிரி மாற்றிவிட்டு அடுத்த தொட்டிலுக்கு நகர்ந்துவிடாதீர்கள். உங்களுக்கு அடுத்த தொட்டில் கிடையாது. மாற்றும்போது ஏதாவது பேசுங்கள். கணக்கு டீச்சர்தானே, வாய்ப்பாடாவது சொல்லுங்கள். அவள் உம்மென்று பார்ப்பாள், பார்த்துவிட்டுப் போகட்டும். மாற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள். மணி அடிக்காத நேரத்திலும் காரணமில்லாமல் தூக்குங்கள். தூக்கிப் பழக்காதே என்று நாங்கள் சொல்வது எங்கள் கை போதாததால். நீங்கள் பழக்குங்கள்.

புண் ஆறிவிடும். அது எனக்குக் கவலையில்லை. அதற்குப் பிறகு என்றைக்காவது ஒரு நாள், நீங்கள் சாப்பிட உட்காரும்போதோ குளிக்கப் போகும்போதோ, அவள் ஈரத்துக்காக வாய்விட்டு அழுவாள். வீட்டில் எல்லாரும் பயந்துபோவீர்கள். இத்தனை நாள் சமர்த்தாக இருந்த பிள்ளைக்கு என்ன வந்தது, கெட்டுப்போய்விட்டதே என்று யாராவது சொல்வார்கள். கெட்டுப்போகவில்லை. கூப்பிட்டால் ஒருவர் வருவார் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். ஷ், அழாதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அவளுக்கு ஒரு பெயர் வையுங்கள். ஜட்ஜம்மா என்பதை நாங்கள் வைத்துக்கொள்கிறோம். உங்கள் வீட்டில் அவள் தொண்டை கட்டும்வரை அழுது, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து புகார் சொல்கிற அளவுக்கு நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

அப்படி அவள் அழுகிற அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். பெயர் போட வேண்டாம், ‘அழுதாள்’ என்று மட்டும் போதும், நான் புரிந்துகொள்வேன். ஆனால் அழுகை கேட்டதும் எனக்கு எழுதுவதற்குக் காகிதம் தேடி உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் போய்த் தூக்குங்கள்.

இப்படிக்கு,
தொட்டில் அறை அக்கா