பட்டியலில் மிச்சமிருக்கும் பெயர்

அன்பு மகள் சங்கமித்ராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்தக் குளிர் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே திருவொற்றியூரில் அப்பாவின் இருமலைத் தவிர வேறு குறையில்லை. இருமல் குறையவே இல்லை. தெருக்கோடி ரசாயனக் கிடங்கின் நாற்றமும் அப்படியேதான், ஜன்னலைத் திறந்தால் கண் எரிகிறது, துவைத்த துணியைக்கூட வீட்டுக்குள்ளேதான் காயப்போடுகிறேன்.

நீ போனில் சொல்லிக்கொடுத்தபடி நம் தெருவுக்கு வலைப்பக்கம் போட்டு, கிடங்கின் மேல் புகார் கொடுத்த வீடுகளை அதில் எழுதினேன் அல்லவா. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் எல்.ஐ. என்ற குறி போடு என்றதும் இன்ஷூரன்ஸ் ஏஜென்டா என்று கேட்டேன், நீ சிரித்தாய். பெயர்களுக்குப் புள்ளி வேண்டுமானால் பட்டியலின் தலையில் யு.எல்., எண் வேண்டுமானால் ஓ.எல். என்றாய். நான்தான் பெரிய கெட்டிக்காரி மாதிரி எண் போட்டேன், ரேஷன் டோக்கன் போல ஒழுங்காக இருக்கட்டும் என்று. பதினோரு வீடு. எழுதுகிறவள் முந்திக்கொள்ளக் கூடாது என்று நம் வீட்டைக் கடைசியில் வைத்தேன்.

போன மாதம் வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் ஒன்றாம் எண் டில்லிபாபு வீட்டுக்கு வந்தார்கள். அதட்டவில்லை, மிரட்டவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, உங்கள் பெண் எந்த பஸ்ஸில் காலேஜ் போகிறாள் என்று மட்டும் கேட்டார்களாம். மறுநாளே அவர் வந்து, எம் பேர எடுத்துடு கன்னிம்மா, இன்னாத்துக்கு நமக்கு பேஜாரு என்றார். எடுத்தேன். உடனே இரண்டாவதாக இருந்த மாயா ஒன்றாம் எண் ஆகிவிட்டாள். எண்கள் தானாகவே மேலே ஏறிவிடுகின்றன மித்ரா, ஒரு பெயர் அங்கே இருந்த அடையாளமே இல்லை. மூன்றாம் நாளே அவர்கள் மாயா வீட்டுக்குப் போனார்கள். என் பக்கத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டுதான் ஒன்றாம் எண்ணைத் தேடி வருகிறார்கள் என்று நான்காவது வீட்டுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றே ஓ.எல்.லை எடுத்துவிட்டு யு.எல். போட்டேன். எல்லார் முன்னாலும் வெறும் புள்ளி. அப்போதும் பட்டியலின் மேலிருந்துதான் ஒவ்வொரு வீடாக வந்தார்கள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நேற்று பக்கத்து வீட்டு பிராங்கிளின் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். கோச்சிக்காதக்கா, ஒண்ணுமே கேக்கல, சொம்மா வூட்ட பாத்துகினு நின்னாங்க, அதான் பயமா கீது என்றான். அவன் பெயரையும் எடுத்துவிட்டேன். இப்போது அந்தப் பட்டியலில் நாம் மட்டும்தான். அந்தப் பக்கத்தையே புகாராக எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி வருகிறார். அதில் ஒரு பெயராவது இருந்தால்தான் கிடங்கைச் சோதிப்பார், இல்லாவிட்டால் புகாரை முடித்துவிடுவார்களாம். எடுத்துடு என்கிறார் அப்பா, இருமிக்கொண்டே. நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. இதை எழுதும்போதே எதிர்க் கடையில் அந்த இரண்டு பேர் டீ குடிக்கிறார்கள்.

நீ நோய் நொடியில்லாமல் நூறு வயது வாழ வேண்டும். லீவு போட்டுவிட்டு ஓடி வராதே, உன் வேலை அங்கேயே இருக்கிறது. பாஸ்வேர்டு நம் இருவரிடம்தான் உள்ளது. தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார். நம் பெயர் இல்லாமல் போனால், என் கையே எடுத்திருந்தாலும் மனசறிந்து எடுக்கவில்லை என்று தெரிந்துகொள். யாரையும் கேட்காதே, என்னையும் கேட்காதே. திரும்பப் போட்டுவிடு.

உன் அம்மா,
கன்னியம்மா ஜெயவேல்