இசைத்தட்டில் எர்லீனின் ஜெபம்

டெட்ராய்ட்
அக்டோபர் 9, 1974

என் கண்ணு லாட்ரிஸ்,

இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதை ரேடியோவுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. நீ அனுப்பிய கம்பளித் தொப்பியை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிகிறார், கேட்டால் என் மகள் அலாஸ்காவில் நர்ஸ் என்று பெருமை பேசுகிறார். நீ காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை மட்டும் நம்பியிருக்காதே.

என் பாட்டு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் டக்கர் வீட்டுக்கு வந்து, நான் செய்த பீச் காப்ளர் பலகாரத்தை இரண்டு தடவை வாங்கித் தின்றுவிட்டு, பாட்டு பிரமாதம், ஆனா சின்னப் பொண்ணு ஒண்ணு முன்னால நின்னு பாடட்டும், நீங்க வழக்கம்போல பின்னால நின்னு குரல் குடுங்க, உங்க குரல் மேலே போகும்போது உடையுது என்றார். இத்தனை வருஷமாகப் பின்னால் நின்றே பழகியவள் இல்லையா, அவர் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட என் கை தானாகப் பேனாவைத் தேடியது. முகம் கழுவி வருகிறேன் என்று போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். முன்பல் இடைவெளி என்னைப் பார்த்துச் சிரித்தது. இந்த வாயிலிருந்துதானே அந்தப் பாட்டு வந்தது, இதை எதற்கு ஒளித்துவைக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. முடியாது என்று சொல்லி அனுப்பினேன். கம்பெனி இல்லாம எப்படிடி தட்டு போடுவ என்று உன் அப்பா கத்தினார், மறுநாள் அவரே போய்க் கெளுத்தி மீன் வாங்கி வந்தார். தட்டுச் செலவுக்காக நாலு வெள்ளிக்கிழமை சபை வாசலில் மீன் பொரித்து விற்றோம், என் தலைமுடியில் இன்னும் எண்ணெய் வாசம் போகவில்லை.

ஸ்டூடியோவுக்குக் கட்டுப்படியாகாது என்று சபையின் கீழ்க்கூடத்திலேயே பாடினேன், நம் சபைப் பையன் லமாண்ட் டேப்பில் பதிவு செய்தான், பாடகர் குழுப் பெண்கள் கை தட்டினார்கள். எர்லீனும் வந்திருந்தாள், ஈஸ்டரில் அவள் பாட வேண்டிய பாட்டைச் சபையார் எனக்குக் கொடுத்ததிலிருந்து என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாளே, அவளேதான். உச்சியில் டக்கர் சொன்ன அதே இடத்தில் குரல் உடைந்தது. அந்த இடைவெளியில் பின்னாலிருந்து எர்லீன், ஆண்டவரே, இவளுக்கு ஒத்தாசை பண்ணும் என்றாள். பாட்டு ஊற்றிக்கொண்டால்தான் நம் சபையில் அந்த ஜெபம் கிளம்பும், அதைவிடப் பெரிய கேலி கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நிறுத்தியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும், கூடத்தை மாலையில் ஒரு கல்யாணத்துக்கு விட்டாக வேண்டும். நிறுத்தவில்லை லாட்ரிஸ், உடைந்த சுரத்தையே பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன், வாழ்க்கையில் அப்படி நான் பாடியதே இல்லை. பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள், லமாண்ட் சூயிங்கம் மெல்ல மறந்துபோனான்.

முடிந்ததும் எர்லீன் சமையலறைக்கு வந்து, வெர்னிதா, வாய் தவறிடுச்சுடி, அதை வெட்டிடச் சொல்லு, ஊரே கேட்குமே என்று அழுதாள். லமாண்டும் டேப்பில் அந்தத் துண்டை வெட்டிப்போட பிளேடை எடுத்துவிட்டான். தொடாதே என்றேன். நீ ஒத்தாசை கேட்ட, ஒத்தாசை வந்துச்சு, ரெண்டும் தட்டுல இருக்கட்டும் என்று அவளிடம் சொன்னேன். இப்போது பார்ப்பவர்களிடமெல்லாம், அந்தத் தட்டுல நானும் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

தட்டைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அட்டையில் பல் இடைவெளியோடு நான்தான், சின்ன வயசுப் படம் போடலாம் என்றவர்களை விரட்டிவிட்டேன். கர்த்தர் உன்னை அந்தக் குளிரில் கதகதப்பாகக் காக்கட்டும், உன் கைபட்ட நோயாளிகள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, எர்லீன் ஜெபம் பண்ணும் இடத்தில் சிரித்துக்கொள், ஆனால் சங்கடப்பட்டுச் சத்தத்தைக் குறைத்துவிடாதே. அதற்கு அடுத்து வருகிறவள் உன் அம்மா.

முத்தங்களுடன்,
வெர்னிதா
(அட்டையிலும் இதே பெயர்தான்)