வலை கட்டாத இடம்

பழவேற்காடு,
12.2.2025

அன்புள்ள மாப்பிள்ளை சிவநேசனுக்கு,

வரதன் எழுதுவது. தாங்கள் முன்னுரை கேட்டு அனுப்பிய கையெழுத்துப்படி கிடைத்தது. வரலாறு கற்பிப்பவன் என்பதால் இரண்டு முறை வாசித்தேன். எண்பத்தேழின் இந்திய-இலங்கை ஒப்பந்தம் நிலைத்திருந்தால், சமாதானப் பேச்சு முறியாதிருந்தால், 2009இல் போர் ஒரு மாதம் முன்னதாக நின்றிருந்தால் என்று பன்னிரண்டு அத்தியாயங்கள். சான்றுகளில் குறையில்லை. பன்னிரண்டிலும் முடிவெடுப்பவர்கள் பெரிய மனிதர்கள். உங்கள் வீடு எதிலும் இல்லை.

ஆகவே நினைவூட்டுகிறேன். கும்மிடிப்பூண்டி முகாமில் இருந்தபோது என் தங்கை பூவிழியை மணந்தீர்கள். சமாதான காலத்தில் முல்லைத்தீவுக்கு அழைத்துச் சென்றீர்கள். ஏரியில் முறைவைத்து வலை கட்டும் ‘பாடு’ என்ற உரிமை, இந்த ஊரில் பிறந்து மணமான ஆணுக்கே உண்டு. என் பாடு உரிமையை உங்கள் பெயருக்கு மாற்ற ஊர்க்கூட்டத்தில் மூன்று முறை நின்று கேட்டேன். சம்மதித்தார்கள். இருவரும் உடனே வாருங்கள் என்று 2006 ஜூனில் எழுதினேன். சண்டை மூண்டு, அங்கிருந்து வெளியே வரும் பாதை மூடியது ஆகஸ்டில்.

உங்கள் முறை வந்த நாட்களில் ஏரியில் உங்கள் இடத்தில் வலை கட்ட வேறு யாரையும் ஊர்த்தலைவர் லோகநாதன் விடவில்லை. “மாப்ள வர்ற வரைக்கும் அது அவரு எடம். எவனும் கை வைக்காதீங்க” என்றார். பூவிழி குண்டுக்குப் பலியான செய்தி வரும்வரை அது காலியாகவே கிடந்தது.

ஜூனில் நான் எழுதிய அந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைத்ததா? பதிலைப் பொறுத்தே முன்னுரை.

தங்கள்
வரதன்

---

டொரொண்டோ,
3.3.2025

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

கிடைத்தது. ஜூலை முதல் கிழமை. பூவிழிக்குக் காட்டவில்லை. பதினொரு வருடம் முகாமில் பிறர் தந்ததைத் தின்றவன் நான். இனி மச்சான் விட்டுக்கொடுத்த இடத்திலும் பிழைப்பதா என்று நினைத்தேன். சண்டை ஆறு மாதத்தில் ஓயும் என்றும் நம்பினேன். கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

அவள் கிழமைதோறும் கேட்பாள். “அண்ணங்கிட்டேர்ந்து லெட்டர் எதுவும் வர்லியா? இம்மா நாள் சும்மா இருக்காதே அது.” இல்லை என்பேன். கடைசியில் பதுங்குகுழியிலும் கேட்டாள். அப்போதும் இல்லை என்றேன்.

இதைப் பதின்மூன்றாம் அத்தியாயமாக எழுதட்டுமா? நீங்கள் சொன்னால் எழுதுகிறேன்.

சிவநேசன்

---

பழவேற்காடு,
20.3.2025

சிவநேசனுக்கு,

கையெழுத்துப்படியைப் பதிவுத்தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முன்னுரை இல்லை. எதை எழுதுவது என்பது உங்கள் விருப்பம். பூவிழியின் பெயர் அதில் வரக்கூடாது.

நீங்கள் அம்மாவுக்கு மாதந்தோறும் எழுதும் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டி வருகிறேன். இம்முறை எனக்கு வந்த உங்கள் கடிதத்தின் உறையைப் பார்த்ததும், “மாப்ள இன்னா எழுதிகிறாரு?” என்று கேட்டார். நலமாக இருக்கிறார், அங்கே குளிர் குறைந்துவிட்டது என்று வாசித்தேன். அவருக்கு எண்பத்திரண்டு வயது.

இனி அந்தக் கடிதங்களை நானே எழுதி, நானே படித்துக் காட்டுகிறேன். நீங்கள் எழுத வேண்டாம்.

வரதன்