எண் மட்டும் எழுதிய தட்டுகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

கை நடுக்கம் இப்போது எப்படி இருக்கிறது? கோபன்ஹேகனில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆய்வகத்தில், நடுக்க நோயாளிகள் கொடுத்த தோலிலிருந்து கண்ணாடித் தட்டுகளில் நரம்புச் செல்கள் வளர்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமையும் போய் அவற்றுக்கு ஊட்டம் மாற்ற வேண்டும். அதற்கு நம் ஆடுகளே தேவலை. புது மருந்து சில தட்டுகளில், செல்களைக் கெடுக்கும் புரதக் கட்டிகளைக் கரைத்திருக்கிறது. அது நோயாளிக்கு வர வருஷங்கள் ஆகும், ஊரில் சொல்லிவிடாதீர்கள்.

நேற்று நான் தட்டுகளுக்கு நம் ஃபாரோ தீவு மொழியில் காலை வணக்கம் சொன்னதைக் கூட வேலை செய்யும் கிர்ஸ்டன் கேட்டுவிட்டாள். "என்னடி, உங்கப்பாகிட்ட பேசுற மாதிரி பேசுற?" என்று சிரித்தாள். தட்டில் எண்தான், பெயர் இருக்காது. நீங்கள் கொடுத்த தோல் எதில் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் சொல்கிறேன்.

உலர்ந்த ஆட்டிறைச்சி கொஞ்சம் அனுப்புங்கள். நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பேருந்து வந்துவிட்டது. பொட்டலத்தில் முகவரியை நீங்களே எழுதுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் ரன்வா