கழுத்து டையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை

இஞ்சாருங்கோ,

நான் வேலைக்குப் போகிறேன். சோறும் மீன்குழம்பும் அடுப்பில் இருக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ. அஞ்சு மணிக்கு உங்களோடு வேட்டைக்கு வாற றொபின் வருவான். நான்தான் வரச்சொன்னேன், கதவைத் திறவுங்கோ.

துவக்கின் போல்ட்டைக் கழற்றி என் கைப்பையில் கொண்டுபோகிறேன். அது இல்லாமல் துவக்கு சுடாது என்று நீங்கள்தான் காட்டித் தந்தீர்கள். கோபப்பட்டாலும் பரவாயில்லை.

வன்னியில் உங்கள் தம்பி செத்த செய்தி வந்த பிறகு நீங்கள் வாய் திறந்து கதைத்தது ஒன்றே ஒன்றுதான்: சுட்ட தோட்டாவின் வெற்றுக்கோதை இறுக்கித் திரும்ப வெடிமருந்து அடைக்க எந்த அச்சு, எந்த டை வாங்குவது? உங்கள் துவக்கில் சுட்ட கோது என்றால் கழுத்தை மட்டும் இறுக்கும் டை போதும். றொபின் தன் துவக்கில் சுட்ட கோதும் கலந்தால் முழுக்கோதையும் இறுக்கும் டை வேண்டும். சாப்பிடும்போதும் அதே கதை. "உந்த வேட்டையை விட்டா உங்களுக்கு வேறை கதை இல்லையோ?" என்று கத்தினேன்.

நேற்று கழுத்து டை தபாலில் வந்தது. நீங்கள் பிரிக்கவே இல்லை. "றொபினிட்டைக் குடும், எனக்கு இனித் தேவைப்படாது" என்றீர்கள். அப்போது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. இன்று காலை பல் தீட்டும்போது கை அப்படியே நின்றுவிட்டது. ஒக்ரோபர் வேட்டைக்கென்று வாங்கியது ஏன் தேவைப்படாது?

புளோறன்ஸ்

டை வந்த பாசலைப் பிரித்து மேசையில் வைத்திருக்கிறேன்.

இன்னுமொன்று. கீழே ஸ்டோர் அறையில் உங்கள் கோதும் றொபினின் கோதும் ஒரே தகரப்பேணிக்குள் கிடக்கு. இரண்டு பேருமாகப் பிரிச்சு வையுங்கோ. நான் வந்ததும் எந்த டை நல்லதென்று முதலிலிருந்து சொல்லுங்கோ. குறுக்கே ஒரு சொல்லும் கதைக்கமாட்டேன். அதுவரைக்கும் இருங்கோ.