கியா பார்ம் ஜாமிலிருந்து வந்த போன்

நவம்பர் 8, சனி

கரேன் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டாள். கோலாலம்பூரில் உளவியல் படிக்கிற என் மகள், பாடத்துக்காக என்று சொல்லி அவளுடைய சின்ன வயதுச் சம்பவங்கள் நான்கைப் போன வாரம் போனில் அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் எனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஐந்து வயதில் பிரிஞ்சாங் பசார் மாலாமில், அந்த ராத்திரிச் சந்தைக் கூட்டத்தில், அவள் காணாமல் போனது அதில் ஒன்று. நான் சும்மா இருப்பேனா? மஞ்சள் மழைக்கோட்டு, அழுது வீங்கின கண், சோளம் விற்கிற சீன ஆன்ட்டி அவளை ஸ்டூலில் உட்கார வைத்திருந்தது, எல்லாம் சொன்னேன்.

இன்று சிரிக்கிறாள். "அது நடக்கவே இல்லம்மா. நான் கட்டின கதை."

அப்படியென்றால் அந்தச் சோளக்கார ஆன்ட்டி எங்கேயிருந்து வந்தாள்?

நவம்பர் 9

சர்ச்சிலும் அதே யோசனை. பொய் என்று தெரிந்த பிறகும் மழைக்கோட்டு கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

நவம்பர் 15

மெல்வினுக்கு இருதயத்தில் அடைப்பாம். ஈப்போவில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். என் வீட்டுக்காரர் ஆர்தருக்கு இருப்பது இந்த ஒரே தம்பி. "போய்ப் பார்க்கலாங்க" என்றேன். தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லோரிக்கு எண்ணெய் பார்க்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

ஆறு வருடமாக இதே கதைதான். மாமியாரை அடக்கம் செய்த அன்று பள்ளி விடுமுறை. ஈப்போவிலிருந்து காரில் வந்த மெல்வின், ஸ்ட்ராபெரி வாங்க டூரிஸ்ட் கூட்டம் மொய்க்கிற கியா பார்ம் ஜாமில் மாட்டிக்கொண்டார். பெட்டியை மூடி, மண் போட்ட பிறகுதான் வந்து சேர்ந்தார். கல்லறையில் எல்லார் முன்னாலும் இவர் கேட்டார்: "ஏன்டா, ஸ்ட்ராபெரி வாங்கிட்டு வரியா?" மெல்வின் வந்த காடியிலேயே திரும்பிப் போனவர்தான். 'ஒரு போன் அடித்துச் சொல்லியிருந்தால் காத்திருப்பேனே' என்பது இன்று வரை இவர் பல்லவி.

இப்படியே போனால் ஒருத்தர் பெட்டிக்கு இன்னொருத்தர் வரமாட்டார்.

நவம்பர் 16

கரேன் எனக்குச் செய்ததை நான் இவருக்குச் செய்தால் என்ன?

நவம்பர் 17

செய்துவிட்டேன். சோறு போடும்போது, பெரிய விஷயமே இல்லாதது மாதிரி: "அன்னிக்கு மெல்வின் ஜாம்ல இருந்து கூப்பிட்டாரே. உங்க போன் என்கிட்டதானே இருந்துச்சு, எடுத்துக் குடுத்தேனே. மறந்துட்டீங்களா?"

"எவன் கூப்பிட்டான்? சும்மா இரு லா."

ரசம் ஊற்றினேன். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் எடுக்கிறவள் நான்.

நவம்பர் 21

காலையில் காலில் சப்பாத்து மாட்டும்போது அவராகவே கேட்டார்: "அன்னிக்கு மழதானே?"

"நல்ல மழ" என்றேன். உண்மையில் மழையா? தெரியவில்லை.

நவம்பர் 26

அழுகிறார். ஆர்தர்! பெட்டி இறங்கும்போதே அழாத மனுஷன்.

"அவன் கூப்பிட்டான் ஜெனட். மழயில சரியா கேக்கல. 'போன அம்மா காதுல வையுங்கண்ணே'ன்னான். வெச்சேன். அப்புறமும் அவன அப்படிக் கேட்டுட்டேனே…"

ஐயோ, காதுல வெச்சதெல்லாம் நான் சொல்லவே இல்லியே! நான் போட்டது ஒரு விதை. இது எங்கிருந்து முளைத்தது? பயமாக இருக்கிறது. ஆனாலும் இதை விட்டால் வேறு நேரம் வராது என்று மெல்வின் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் பேசினார்கள்.

நவம்பர் 27

கரேனிடம் சொன்னேன். நன்றாகத் திட்டினாள். "அம்மா, இது வெளையாட்டு இல்ல. சித்தப்பா 'நான் கூப்பிடவே இல்ல'ன்னு சொல்லிட்டா அப்பா என்ன ஆவாரு?"

எனக்கும் அதே கேள்விதான்.

டிசம்பர் 25

மெல்வின் வந்தார். மெலிந்திருக்கிறார். வாசலிலேயே இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. கை கழுவ அடுப்படிக்கு வந்தவரை நிறுத்தி, "தம்பி, அந்த போன் நான் கட்டின கதை" என்று சொல்லிவிட்டேன்.

விழித்தார். "என்னண்ணி சொல்றீங்க? நீங்கதானே எடுத்தீங்க. 'அவரு பெட்டிகிட்ட நிக்கிறாரு, இருங்க குடுக்கறேன்'னீங்க."

"அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல?"

"அண்ணன் கேட்ட கேள்விக்கு அப்புறம் என்னத்த சொல்ல?"

இவர் போனில் சொல்லச் சொல்ல அது மெல்வினுக்கும் ஒட்டிக்கொண்டதா? இல்லை, உண்மையிலேயே கூப்பிட்டாரா? நான்தான் மறந்துபோய், புதிதாகக் கட்டினேன் என்று நினைத்துக்கொண்டேனா? அன்று முழுவதும் இவர் போன் என் பையில்தான் இருந்தது. எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னேன். 'அவரு பெட்டிகிட்ட நிக்கிறாரு' — நான் பேசுகிற மாதிரியே இருக்கிறது.

சாப்பிட்டுவிட்டு அண்ணனும் தம்பியும் ஹாலில் ஒரே பாயில் குறட்டை விடுகிறார்கள். கிறிஸ்மஸ் லீவுக்கு வந்திருக்கும் கரேன் பக்கத்தில் வந்து, "உண்மைய சொல்லிட்டீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எதை என்று அவளைத்தான் கேட்டேன்.