கலப்பெண்ணும் துணிப்பழுதும்

மார்ச் 3
துணி ஆலையில் மூன்றாவது வாரம். நெய்து வரும் துணியில் நூல் அறுந்திருந்தால் கேமராவே பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கான நிரல் என்னுடையது. இன்றும் மானம் போயிற்று. ஓட்டைத் துணியைக் காட்டினேன், "பழுது" என்றது. அதையே நூலளவு நகர்த்தினேன், "நல்ல துணி" என்றது. இருபது வருடமாகத் துணி பார்க்கும் அக்கா – ஆலையில் அவர் பெயரே பூதக்கண்ணாடிதான் – சிரித்தார். "இப்படிப் பேச்சு மாத்துதே தம்பி, தேர்தல்ல நிக்கச் சொல்லுங்க."

மார்ச் 6
படத்தைச் சின்னச் சின்ன அலைகளாகப் பிரித்துப் பார்க்கும் சாதாரணச் சிற்றலை உருமாற்றக் கணக்கில் இதுதான் தொல்லை. படம் துளி நகர்ந்தால் விடை தாண்டவமாடும். கோடு இடம் சாய்ந்ததா, வலம் சாய்ந்ததா என்றும் தெரியாது. இரண்டுக்கும் அசராத கலப்பெண் சிற்றலைக்கு மாறிவிட்டேன்.
நண்பனிடம் போனில், "இனி கலப்பெண் இல்லாம என்னால முடியாதுடா" என்றேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.
"எந்தப் பொண்ணுடா?"
கலப்பு எண்ணும்மா, கணக்கு!

மார்ச் 7
அம்மா நம்பவில்லை.

மார்ச் 12
எப்படி நகர்த்தினாலும் விடை மாறவில்லை! அக்கா, அதை மடக்கவென்றே ஒளித்து வைத்திருந்த துணியையும் போட்டுப் பார்த்தார். "ம்" என்றார். எனக்குப் பட்டம் வாங்கிய மாதிரி.
நாளை மேலாளர் பார்க்கிறார். பிடிக்காவிட்டால் கேமராவோடு நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மார்ச் 13
பழுதே இல்லாத துணியை ஓடவிட்டோம். மேலாளர் உற்றுப் பார்க்கக் குனிந்தார் – மணி அலறியது. திரையில்: பழுது. மெல்லிய கோடுகள். இடம் சாய்ந்தவை. பதினொன்று.
"நல்ல துணின்னுதானே சொன்னீங்க?"
ஐயோ, எங்கே தப்பு? நிரலிலா? விளக்கிலா? அவர் நிமிர்ந்தார், மணி நின்றது. குனிந்தார், அலறியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழுக்கையை மறைக்க வாரிவிட்ட முடி, அவர் குனியும்போதெல்லாம் கேமராவுக்கு முன்னால் தொங்குகிறது. இதை எந்த வாயால் சொல்வது?
அக்கா சொன்னார். "மெஷின் சரியாத்தான் சொல்லுது சார். அது உங்க முடி."
மேலாளர் தலையைத் தடவினார்.
"பதினொண்ணுதானா இருக்கு?"
"தொங்குறது மட்டும் சார்" என்றேன். ஏன்தான் வாயைத் திறந்தேனோ!
அவர் குலுங்கிச் சிரித்ததில் முடி மறுபடி சரிந்தது. மணி மறுபடி அலறியது.
"வாங்கிடலாம்யா, முதல்ல அதை நிறுத்து" என்றார்.

ஏப்ரல் 21
இயந்திரம் இப்போது அக்கா பொறுப்பில். காலையில் விடுப்பு விண்ணப்பம் நீட்டினார்: இரண்டு நாள், இரண்டு பேருக்கு.
"இன்னொருத்தர் யாருக்கா?"
கேமராவைக் காட்டினார். "அதுக்கு மட்டும் கண்ணு வலிக்காதா?"
மேலாளர் என்னையும் இங்கேயே வைத்துக்கொண்டார்; இப்போதெல்லாம் இந்தப் பிரிவின் விடுப்புக்குக் கையெழுத்துப் போடுவது நான்தான். போட்டேன்.